பயிற்சி ஆசிரியர் வகுப்புக்குத் தயாரா? போர்ட்ஃபோலியோவில் எதைப் பார்ப்பது

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இன்டர்ன்ஷிப் முடித்து வரும் மாணவர்களை இந்த ஆண்டு போர்ட்ஃபோலியோ வைத்து மதிப்பிடலாம் என்று முதல்வர் சொல்கிறார். ஏற்கெனவே ஏழெட்டு ரெக்கார்டு எழுதிக் குவிக்கிறார்கள். இது இன்னொரு ரெக்கார்டு ஆகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஒருவர் வகுப்பறைக்குத் தயாரா இல்லையா என்பது இதில் உண்மையிலேயே தெரியுமா?"

தெரியும். ஆனால் போர்ட்ஃபோலியோ, அதாவது பயிற்சி ஆசிரியர் பள்ளியில் செய்த வேலையின் மாதிரிகளைச் சேர்த்த கோப்பு, சின்னதாக இருக்க வேண்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் உங்கள் பயம்தான் பலிக்கும். நான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள பள்ளிகளுக்குப் பயிற்சி மாணவர்களைப் பார்வையிடப் போய்க்கொண்டிருப்பவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் இப்போது இருக்கும் ரெக்கார்டைப் பாருங்கள். லெசன் பிளான், அப்சர்வேஷன், மைக்ரோ டீச்சிங் (ஒரே ஒரு திறனைச் சில நிமிடப் பாடத்தில் பழகுவது), டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட், கேஸ் ஸ்டடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. பிரவுன் அட்டை, லேபிள், முதல் பக்கத்தில் பார்டர். உள்ளே போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டு அப்படியே இறங்கியிருக்கும். காசு கொடுத்தால் எழுதிக் கொடுக்க ஆளும் உண்டு, இதெல்லாம் நமக்குத் தெரியாதது இல்லை. பிராக்டிகல் அன்று எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர் வருவார், அடுக்கி வைத்திருக்கும் மலையிலிருந்து நாலைந்தை உருவுவார், பக்கம் புரட்டுவார், சிவப்பு மையில் ஒரு கையெழுத்து.

அந்த லெசன் பிளானுக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. "ஆசிரியர்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? மாணவர்கள்: இட்லி சாப்பிட்டோம். ஆசிரியர்: இட்லியில் என்ன சத்து உள்ளது? மாணவர்கள்: மாவுச்சத்து." வகுப்புக்குப் போவதற்கு முந்தின இரவே பிள்ளைகள் சொல்லப்போகும் பதிலையும் எழுதியாகிவிட்டது. நான் பார்த்த எந்த லெசன் பிளான் ரெக்கார்டிலும் ஒரு பிள்ளைகூடத் தப்பாகப் பதில் சொன்னதில்லை. உண்மையான வகுப்பில் முதல் கேள்விக்கே "நான் சாப்பிடல சார்" என்று ஒரு பையன் எழுந்து நிற்பான். அப்போது என்ன செய்கிறார் என்பதில்தான் ஆசிரியர் தெரிவார். ரெக்கார்டில் அந்த இடமே கிடையாது.

போர்ட்ஃபோலியோ என்ற யோசனை பிறந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். நம் கல்லூரிகளில் விடாமல் செய்யும் மைக்ரோ டீச்சிங் 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆசிரியர் போர்ட்ஃபோலியோவுக்கும் அதே ஊர்தான் பெரிய அடித்தளம். 1980களின் பிற்பாதியில் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் தலைமையில் அங்கே ஒரு குழு, ஆசிரியரின் திறமையைக் கேள்வித்தாளில் அளக்க முடியாது, அவர் செய்த வேலையின் மாதிரிகளை வைத்துத்தான் அளக்க முடியும் என்று பல வழிகளைச் சோதித்தது. மைக்ரோ டீச்சிங்கை நாம் உடனே எடுத்துக்கொண்டோம், போர்ட்ஃபோலியோவை விட்டுவிட்டோம். மைக்ரோ டீச்சிங்கை மதிய இடைவேளைக்குள் முடித்துவிடலாம், அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே ஷுல்மன் பின்னாளில் போர்ட்ஃபோலியோவில் உள்ள ஆபத்துகளையும் வரிசையாகச் சொன்னார். அதில் ஒன்று, உள்ளே சரக்கில்லாமல் வெளியே பளபளப்பாக லேமினேட் செய்து காட்டுவது. இன்னொன்று, யோசித்துப் பார்க்கத் தகுதியில்லாத அற்ப விஷயங்களைச் சேர்த்துக் கோப்பை நிரப்புவது. பாரிமுனைக் கடைகளில் கலர் சார்ட், தெர்மோகோல், கிளிட்டர் பேனா வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகள் பஸ் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

அமெரிக்காவில் இது பிறகு பெரிய தேர்வாகவே வளர்ந்தது. 2013 முதல் எட்.டி.பி.ஏ. என்ற பெயரில் பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி ஆசிரியர் தொடர்ச்சியான மூன்று முதல் ஐந்து பாடவேளைகளைத் திட்டமிட்டு, நடத்தி, அதன் வீடியோத் துண்டையும் மாணவர்களின் வேலையையும் விளக்கத்தோடு அனுப்ப வேண்டும். வெளியே இருக்கும் மதிப்பீட்டாளர் பெரும்பாலான பாடங்களுக்கு 15 அளவுகோல்களில் மதிப்பெண் போடுவார். கட்டணம் 300 டாலர். நன்றாக எழுதத் தெரிந்தவர் தப்பிக்கிறார், நன்றாகப் பாடம் நடத்துபவர் எழுத்தில் மாட்டிக்கொள்கிறார் என்று புகார்கள் வந்தன. கட்டணச் சுமை, வகுப்பறை வீடியோ வெளியே போவது பற்றியும் குறை சொன்னார்கள். ஜார்ஜியா 2020-லும், வாஷிங்டன் மாநிலம் 2021-லும், நியூயார்க் 2022-லும் அதைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிட்டன. அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: பயிற்சி ஆசிரியரின் முகமே தெரியாத ஒருவரிடம் தபாலில் போய் மதிப்பெண் வாங்கும் கோப்பாக இதை மாற்றாதீர்கள். ஆனால் "தொடர்ச்சியான சில பாடவேளை, கூடவே பிள்ளைகளின் வேலை" என்ற அவர்களுடைய எலும்புக்கூடு நல்லது. அதை அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

சரி, "தயார்" என்பதற்கு என்ன அடையாளம்? இருபத்திரண்டு வயதில் யாரும் முழு ஆசிரியராக இருக்க மாட்டார்கள். கரும்பலகை எழுத்து சாயும், நேரம் போதாது, கடைசி பெஞ்ச் சலசலக்கும். இதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகும் சரியாகிக்கொண்டே இருப்பவை. நான் தேடுவது ஒன்றைத்தான். இன்று பிள்ளைகளின் நோட்டில் பார்த்தது, நாளைக்கு நடத்தும் பாடத்தை மாற்றியதா? அதை நான் "மறுநாள் பக்கம்" என்று சொல்வேன். போர்ட்ஃபோலியோவை முதலிலிருந்து படிக்காமல், அந்தப் பக்கத்தைத் தேடித் திறப்பதுதான் என் வழக்கம்.

ஒரே பள்ளி, ஒரே ஏழாம் வகுப்பு, அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு பயிற்சி ஆசிரியைகளின் கோப்புகளைச் சொல்கிறேன். இருவரும் தமிழ்ப் பாடம் நடத்தியவர்கள். இருவருமே "எங்கள் பகுதி" என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் காசிமேடு. ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "எங்க அப்பா லான்ஜில போவாறு. வஞ்சரம் கெடச்சா ஏலத்துல நல்ல வெல போவும். காத்து மாறினா எறா கெடைக்கும்." பக்கம் முழுக்க இதே மாதிரி.

முதலாமவர் சிவப்பு மையில் எல்லாத் தப்பையும் வட்டம் போட்டிருந்தார். அடியில் "எழுத்துப் பிழைகளைத் தவிர்க்கவும்", பத்துக்கு மூன்று. தன் குறிப்பில், "மாணவர்களின் மொழித்திறன் குறைவாக உள்ளது. குடும்பச் சூழலும் பெற்றோரின் கவனமின்மையும் காரணம். கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். என்ன பயிற்சி, யாருக்கு, எப்போது? கோப்பில் எங்கும் இல்லை. அடுத்த பக்கம் அடுத்த பாடம், புத்தகத்தில் இருக்கும் வரிசைப்படி.

இரண்டாமவருக்குக் கிடைத்த நோட்டுகளும் அதே ரகம்தான், அங்கேயும் ஒரு பையன் "போவாறு", "வெல" என்றே ஒரு பக்கம் எழுதியிருந்தான். அவர் முதலில் தப்புகளைப் பிரித்திருந்தார். பேச்சு அப்படியே எழுத்தில் வருவது ஒரு வகை: வெல, போவும், கெடச்சா. ரகர றகரக் குழப்பம் இன்னொரு வகை. ஒற்று விடுவது மூன்றாவது. கூடவே ஒரு வரி: "இதே பையன் போன இரண்டு கட்டுரையிலும் மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை. இதில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறான்." மறுநாள் பாடவேளையில் பிள்ளைகளின் நோட்டிலிருந்தே ஆறு வாக்கியங்களைப் பேர் போடாமல் பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, வீட்டில் சொல்வது ஒரு பக்கம், நோட்டில் எழுதுவது ஒரு பக்கம் என்று அவர்களையே நிரப்ப வைத்திருக்கிறார். ரகர றகரத்தைத் தொடவே இல்லை. "எல்லாத்தையும் ஒரே நாளில் எடுத்தால் எழுதுவதையே விட்டுவிடுவார்கள்" என்று காரணம் எழுதியிருந்தார். இரண்டு வாரம் கழித்து அதே பையனின் நோட்டுப் பக்கம் இருந்தது. "போகும்", "விலை" சரியாக வந்திருந்தது. "போவாறு" இன்னும் "போவாறு"தான். அதையும் மறைக்காமல் "இது இன்னும் வரவில்லை" என்று குறித்திருந்தார்.

இதில் எத்தனை விஷயம் தெரிகிறது பாருங்கள். தப்பை வகைப்படுத்தத் தெரிகிறது, அதனால் பாட அறிவு இருக்கிறது. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளி வைப்பது என்ற முடிவு இருக்கிறது. பையனின் பேச்சைக் கேவலமாகப் பார்க்கவில்லை. நம் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. "இன்னா சார்" என்று பேசும் பிள்ளையை "லோக்கல்" என்று ஒதுக்கும் ஆசிரியர், பாடத்தில் புலியாக இருந்தாலும், தண்டையார்பேட்டை வகுப்புக்குத் தயார் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவ்வளவும் தெரிய நாலு பக்கம்தான் ஆனது.

கணக்கிலும் இப்படித்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆறாம் வகுப்பிலும் உண்டு. "கவனக்குறைவு" என்று எழுதும் பயிற்சி ஆசிரியர் நோட்டைத் திருத்தியிருக்கிறார், படிக்கவில்லை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறான் என்று கண்டுபிடித்து, "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிசா சின்னதா?" என்று அவனையே கேட்டவர் படித்திருக்கிறார். இன்னொன்று, இது போர்ட்ஃபோலியோ மட்டுமே காட்டிக்கொடுக்கும் விஷயம்: எல்லா நோட்டிலும் ஒரே தப்பு ஒரே மாதிரி இருந்தால் அது பிள்ளைகளின் தப்பு இல்லை, பலகையிலிருந்து வந்தது. அறிவியலில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

கோப்புக்குள் என்ன வைக்கச் சொல்வது என்று கேட்பீர்கள். முப்பது பக்கத்துக்குள் முடிய வேண்டும். முதலில் வகுப்பைப் பற்றி ஒரு பக்கம். "மாணவர்கள் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். அது எல்லா ரெக்கார்டிலும் இருக்கிறது, அதை வைத்து எந்தப் பாடத்தையும் திட்டமிட முடியாது. எத்தனை பேர் வீட்டில் தெலுங்கு, எத்தனை பேர் உருது, மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டா, யார் வாசிக்கிறார்கள், யார் எழுத்துக் கூட்டுகிறார்கள், யார் காலையில் அம்மாவோடு மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு இரண்டாவது பீரியடுக்கு வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது, அப்படியென்றால் பள்ளி திறக்கும்போது விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் கையில் காசு இருக்காது, ஆகவே "சார்ட் வாங்கி வா, கலர் பேப்பர் வாங்கி வா" என்று சொல்லக் கூடாது என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அவருக்கு வகுப்பு தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஒரே பாடப்பகுதியில் அடுத்தடுத்து நடத்திய மூன்று பாடவேளைகளின் திட்டம். தனித்தனியாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய "பெஸ்ட் லெசன்" வேண்டாம், அதில் மறுநாள் இருக்காது. திட்டத்தின் மேலேயே பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தால் அப்படியே இருக்கட்டும், ஃபேர் காப்பி கேட்காதீர்கள். மூன்று பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்கள், தொடக்கத்தில் ஒன்று, பிற்பாடு ஒன்று. ஒருவர் நன்றாகப் படிப்பவர், ஒருவர் நடுவில், ஒருவர் திணறுபவர். கைடு டீச்சர் (பயிற்சி மாணவருக்கு வழிகாட்டும் அந்தப் பள்ளி ஆசிரியர்) வகுப்பைப் பார்த்து அன்றே எழுதிய குறிப்பு இரண்டு, தேதியோடு. சரியாகப் போகாத ஒரு பாடவேளையைப் பற்றி ஒரு பக்கம். கடைசியாக, மேலே சொன்ன மறுநாள் பக்கம். அவ்வளவுதான். சார்ட், ஃபோட்டோ ஆல்பம், சுதந்திர தினத்தில் கொடியேற்றிய படம், கருத்தரங்கில் வாங்கிய சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் தேதி முக்கியம். கைடு டீச்சர் அந்தந்த வாரமே ஓரத்தில் ஒரு சின்ன கையெழுத்து போட்டால் போதும். மூன்று மாத டைரியைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே பேனாவில் எழுதி முடிக்கும் கலை நம் பிள்ளைகளுக்குக் கைவந்தது.

தமிழில் எழுத விடுங்கள். ஆங்கில வழியில் படிப்பவருக்கும் இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுத அனுமதி கொடுங்கள். அமெரிக்காவில் வந்த அதே சிக்கல்தான், எழுத்துத் திறமை கற்பிக்கும் திறமை மாதிரி வேஷம் போட்டுவிடும். எழுத வராதவர் ஃபோனில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுக்கட்டும். இன்னொரு பக்கம், இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் உருக்கமான "என் அனுபவம்" வந்துவிடும். ஆகவே பயிற்சி ஆசிரியரின் அழகான பத்தியைவிட, பிள்ளையின் கோணல் கையெழுத்துக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

இனி முக்கியமான பகுதி, பேச்சு. கோப்பை மேசையில் விரித்து வைத்து இருபது நிமிடம். வைவா மாதிரி வரையறை கேட்காதீர்கள். பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். ஒரு மாணவியோடு நடந்தது இது:

"ஏம்மா, இந்த மூணாவது நோட்டு யாரோடது?"

"கடைசி பெஞ்ச் பொண்ணு சார். வீட்ல தெலுங்கு. வாசிக்கச் சொன்னா வாசிச்சிடும், எழுதச் சொன்னா நின்னுடும்."

"அதை எப்போ கவனிச்சீங்க?"

"மொத வாரம் டல்லுன்னுதான் சார் நெனச்சேன். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து, எழுத வேணாம், வாயால சொல்லுன்னேன். முழுசா சொல்லுச்சு."

"அப்புறம்?"

"அது சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதைப் பாத்து அது எழுதிச்சு. அடுத்த வாரம் தானாவே ரெண்டு வரி எழுதிட்டு, மிஸ் பாருங்கன்னு எடுத்துட்டு வந்துச்சு."

"மத்த முப்பது பேரை அந்த நேரத்துல என்ன பண்ணீங்க?"

இங்கே அவர் கொஞ்சம் திணறினார். "சத்தம் போட்டாங்க சார். லீடர விட்டு பேர் எழுதச் சொன்னேன். அது சரியா வரல." அந்தப் பதிலுக்கும் நான் நல்ல மதிப்பெண்தான் போட்டேன். வகுப்பில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிகிறது, எது வேலை செய்யவில்லை என்றும் தெரிகிறது. காசு கொடுத்து எழுதி வாங்கிய கோப்பைக் கொண்டு வருபவரிடம் இதே முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அது ஒரு ஸ்டூடண்ட் சார்" என்பதற்கு மேல் வராது.

நான் வழக்கமாகக் கேட்கும் வேறு சில: இந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தினால் எதை விட்டுவிடுவீர்கள்? இந்தத் தப்பைப் பார்த்தபோது முதலில் என்ன நினைத்தீர்கள்? கைடு டீச்சர் இந்தக் குறிப்பில் சொன்னதை ஏற்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம் சார்" என்று மட்டும் சொல்பவரைவிட, "அவங்க சொன்னது சரி, ஆனா அன்னைக்கு..." என்று தொடங்குபவர் எனக்கு நம்பிக்கை தருகிறார்.

இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது என்று உங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு இரண்டு பிரிவு, நூறு மாணவர் சேர்க்கை உள்ள கல்லூரிக்கு முழுநேர ஆசிரியர் 16 பேர். இன்டர்ன்ஷிப் ஆண்டில் இருக்கும் நூறு பேரைப் பிரித்தால் ஒருவருக்கு ஆறு ஏழு பேர். இருவர் சேர்ந்து பார்த்தாலும் ஒரு ஆசிரியருக்கு நாலரை மணி நேரம் தாண்டாது. பதினாறு பேரும் காகிதத்தில் மட்டுமில்லாமல் கல்லூரியிலும் இருக்கிறார்களா என்பது வேறு கதை.

அதே விதிமுறை பள்ளிக் களப்பணிக்கு மொத்தம் 20 வாரம் ஒதுக்குகிறது, முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. இந்தப் பதினாறு வாரத்தின் முடிவில் ஒரே ஒருமுறை கோப்பைப் பார்த்தால் அது தீர்ப்பு மட்டும்தான், யாரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. நாலாவது வாரம் ஒருமுறை, ஒன்பது பத்தாவது வாரம் ஒருமுறை மதிப்பெண் இல்லாமல் பாருங்கள். நாலாவது வாரத்தில் எல்லார் கோப்பும் மோசமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். "மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்" என்று எல்லாப் பக்கத்திலும் இருக்கும். "யார் கவனித்தார்? எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். பத்தாவது வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மதிப்பெண் விஷயத்தில் நிறைய கட்டம் போட்ட படிவம் செய்யாதீர்கள். பொருளடக்கத்துக்கு இரண்டு, அட்டைக்கு ஒன்று என்று பிரித்தால் மாணவர்கள் அட்டையில்தான் வேலை செய்வார்கள். வகுப்பைத் தெரிந்து வைத்திருக்கிறாரா, பாடத்தில் பிழை இல்லையா, பிள்ளைகளின் வேலையைச் சரியாகப் படிக்கிறாரா, படித்ததை வைத்து மாற்றினாரா என்று நாலு கேள்வி போதும். முடிவு மூன்றில் ஒன்று: தனியாக வகுப்பை ஒப்படைக்கலாம்; ஒப்படைக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு சீனியர் இருக்க வேண்டும்; இப்போதைக்கு வேண்டாம். பல்கலைக்கழகம் கேட்கும் அகமதிப்பெண்ணாக அதைப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இருவர் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக முடிவு எழுதிவிட்டு, அதன் பிறகு பேச வேண்டும். ஒருவர் மூத்தவர், ஒருவர் புதியவர் என்றால் புதியவர் முதலில் சொல்லட்டும், இல்லாவிட்டால் "மேடம் சொன்னா சரி" என்று முடிந்துவிடும். தொடங்குவதற்கு முன் பழைய கோப்பு நாலைந்தை எடுத்து எல்லா ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஒருவருக்கு "பிரமாதம்" என்று பட்டது இன்னொருவருக்கு "காலி" என்று படும். அந்தச் சண்டை முன்கூட்டியே நடந்துவிடுவது நல்லது.

போர்ட்ஃபோலியோவில் தெரியாதவையும் உண்டு. குரல் கடைசி பெஞ்ச் வரை போகிறதா என்பது தெரியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது வகுப்பை எப்படிப் பிடித்து வைக்கிறார், பிள்ளையை அடிக்கக் கை ஓங்குகிறாரா, இரண்டு பையன்கள் கட்டிப் புரளும்போது என்ன செய்கிறார், இதெல்லாம் காகிதத்தில் வராது. அதற்கு வகுப்பில் போய் உட்கார வேண்டும், கைடு டீச்சரிடம் கல்லூரிக் கடிதத்தாள் இல்லாமல் டீ குடித்தபடி பேச வேண்டும். படிப்பு முடிந்து எழுதும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு 150 கேள்வி, 150 மதிப்பெண், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. அது பாடமும் உளவியலும் தெரியுமா என்று கேட்கிறது, அதற்கு மேல் அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. போர்ட்ஃபோலியோ, வகுப்புப் பார்வை, டெட் மூன்றும் மூன்று வேலை. ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. ஃபோன் எல்லாரிடமும் இருக்கிறது என்பதால் "பத்து நிமிட வீடியோ இணைக்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் இல்லாமல் பிள்ளைகளின் முகத்தைப் பதிவு செய்யக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. போதாக்குறைக்கு அந்த வீடியோ அன்று இரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடும். ஆசிரியரின் குரலை மட்டும் ஆடியோவாகப் பதிவு செய்தாலே அவர் எத்தனை நொடி பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும், பெரும்பாலும் ஒரு நொடிகூட இருக்காது. நோட்டுப் பக்கத்தை நகல் எடுக்கும்போது பேரை மறைத்து, "மாணவர் அ, ஆ, இ" என்று குறிக்கச் சொல்லுங்கள். "எனக்கு எழுத வராது" என்று பதிவான ஒரு பிள்ளையின் கோப்பு கல்லூரி அலமாரியில் பேரோடு கிடக்கக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்கள் பி.எட்.டுக்கு இல்லாமல் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்குப் பாடம் எடுப்பவராக இருந்தால் வேலை இன்னும் சுலபம். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் இருக்கும் நிலை ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அரும்பில் இருந்த மூன்று பேரோடு ஒரு மாதம் என்ன செய்தார் என்று கேட்டாலே பாதிப் போர்ட்ஃபோலியோ முடிந்தது.

"இப்போதைக்கு வேண்டாம்" என்று முடிவானவரை என்ன செய்வது என்பதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். கட்டணம் கட்டியிருக்கிறார், வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள், பாவம், பாஸ் போட்டு விடுவோம் என்று நம் மனசு இளகும். ஃபெயில் போடவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். அதே பள்ளியில், அதே வகுப்பில், இன்னும் மூன்று நாலு வாரம் கொடுங்கள். புதுப் பள்ளிக்கு அனுப்பினால் பேர் தெரிந்துகொள்ளவே இரண்டு வாரம் போய்விடும். திரும்பி வரும்போது முழுக் கோப்பு கேட்காதீர்கள். ஒரு பாடப்பகுதி, மூன்று நோட்டு, ஒரு மறுநாள் பக்கம். இந்தக் கூடுதல் வாரங்கள் பற்றித் தலைமையாசிரியரிடம் ஜூன் மாதமே பேசி வைத்துவிடுங்கள். செப்டம்பரில் போய் நின்றால் காலாண்டுத் தேர்வு என்பார், டிசம்பரில் போனால் அரையாண்டு என்பார்.